“ஒன்றுமில்லை, போம்மா!” - இது வைத்தியமா?

செம்பட்டி நால்ரோட்டில் காலை ஐந்தரை மணிக்கு வந்து நின்று பாருங்கள். முழு நைட் முடித்து மில் வேனிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். பகல் ஷிப்டுக்கு ஏறுகிறவர்கள் மறு பக்கம். ஆத்தூர் ரோட்டிலும் சித்தையன்கோட்டை ரோட்டிலும் களையெடுக்கவும் நாற்று நடவும் தூக்குவாளியோடு நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

யாராவது ஒருவரை நிறுத்தி, “உடம்பு எப்படியம்மா இருக்கிறது?” என்று கேளுங்கள். “அசதியாக இருக்குண்ணே” என்பார். நூறு பேரைக் கேட்டால் எண்பது பேர் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால், தோழர்களே, எல்லா அசதியும் ஒரே அசதி அல்ல. உழைப்பினால் வரும் அசதி உண்டு. அரை வயிற்றுச் சாப்பாட்டினால் வரும் அசதி உண்டு. வியாதியினால் வரும் அசதியும் உண்டு. முதல் இரண்டுக்கும் கூலி உயர்வும் ஓய்வும்தான் மருந்து. மூன்றாவதற்கு டாக்டர் மருந்து கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால், அவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்கிறாரா? இதுதான் கேள்வி.

மூன்று வருஷம்

ரிங் பிரேமில் சைடு பார்க்கும் ஒரு தங்கையின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், மில்லின் பெயரும் வேண்டாம். அவருக்கு இருபத்தாறு வயது. முதலில் அசதி என்றார். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. முகம் ஊதியது. பங்குனி வெயிலிலும் போர்வை கேட்டார். மாத விலக்கு பத்து நாள் நீடித்தது. குரல் கட்டி, ஆண் குரல் போல் ஆயிற்று. விரல் மரத்துப் போய், அறுந்த இழையை ஒட்டுவதற்கு நேரம் பிடித்தது. மேஸ்திரி ஏசினார். சம்பளத்தில் பிடித்தம் வந்தது.

அவர் சும்மா இருந்தாரா? இல்லை. அரை நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். “இரத்தம் கம்மி” என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு டாக்டரிடம் போனார். “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்றார் அவர். காசு கொடுத்து மூன்றாவது டாக்டரைப் பார்த்தார். “உனக்கு ஒன்றுமில்லை, போம்மா. எல்லாம் மனசுதான். வேலைக்குப் போகச் சோம்பல்” என்றார். வீட்டில் தாயார், பிள்ளைக்கு ஏதோ காத்துக் கருப்பு என்று பயந்து, மந்திரித்துக் கயிறு கட்டினார்.

மூன்று வருஷம் கழித்து, ஊசி போட வந்த ஒரு நர்ஸம்மா அவருடைய கழுத்தைப் பார்த்தார். “இந்த வீக்கம் எத்தனை நாளாக?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் வைத்தியம்! இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டுச் சுரப்பி கிட்டத்தட்ட வேலை நிறுத்தம் செய்திருந்தது. தினம் ஒரு சிறிய மாத்திரை. மூன்று மாதத்தில் அந்தத் தங்கை நிமிர்ந்து நின்றார்.

அந்த மாத்திரை ஒன்றின் விலை, நால்ரோட்டுக் கடையில் குடிக்கும் ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. அப்படியானால் அந்த மூன்று வருஷத்துக்கு யார் பதில் சொல்வது?

இது என்ன வியாதி?

நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அது சுரக்கும் நீர் இரத்தத்தில் கலந்து உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் ஓட்டுகிறது. மில்லில் மோட்டார் வேகம் குறைந்தால் எத்தனை பிரேம் இருந்தாலும் எல்லாம் மந்தமாகிறதல்லவா? அதுபோல இந்தச் சுரப்பு குறைந்தால் இதயத் துடிப்பு மந்தம், குடல் மந்தம், மூளையும் மந்தம். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மறதி, மனச் சோர்வு, எடை கூடுதல், மாத விலக்குக் கோளாறு, கருத்தரிப்பதில் சிரமம், கருச்சிதைவு - எல்லாம் இதிலிருந்து வரலாம்.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று இன்னொரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு சோம்பினால், “சுரந்து தா, சுரந்து தா” என்று அது அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். தைராய்டு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு இந்த டி.எஸ்.எச். உயரும். எனவே கொஞ்சம் இரத்தம் எடுத்து டி.எஸ்.எச்.சையும், அதோடு டி-4 என்ற தைராய்டுச் சுரப்பையும் அளந்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். இது பெரிய நிபுணர் மட்டும் செய்யக்கூடிய மாயவித்தை அல்ல.

சுரப்பு ஏன் குறைகிறது? உணவில் அயோடின் போதாமல் குறையலாம். அல்லது உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே திசை தவறி, தைராய்டைத் தாக்கி அழிக்கலாம். இதை 1912ல் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்தார். பெண்களுக்குத்தான் இது அதிகம்.

நூற்றுமுப்பது வருஷமாகத் தெரிந்த மருந்து

இது நேற்றுக் கண்டுபிடித்த வியாதியா? இல்லை. 1873ல் லண்டனில் வில்லியம் கல் என்ற டாக்டர் வயது வந்த பெண்களிடம் இந்த வியாதியைக் கண்டு எழுதினார். 1888ல் லண்டன் மருத்துவர் சங்கம் ஒன்று நியமித்த கமிட்டி, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 1891ல் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார். சாகக் கிடந்த அந்தப் பெண் மேலும் 28 வருஷம் வாழ்ந்தார். 1927ல் இந்த மருந்தை ரசாயனச் சாலையிலேயே செய்யும் வழியும் தெரிந்துவிட்டது.

மருந்து தெரிந்த பிறகும் என்ன நடந்தது? 1949ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில டாக்டர் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் எல்லோரும் சித்தப் பிரமை பிடித்தவர்கள் என்று கருதப்பட்டவர்கள். ஆஷர் அவர்களுக்குத் தைராய்டு மருந்து கொடுத்தார். 9 பேர் முழுக் குணம் அடைந்தார்கள். பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு இருந்தது சுரப்பிக் குறை! “எல்லாம் மனசுதான்” என்று இன்று சுலபமாகச் சொல்லும் டாக்டர்கள் இந்த 14 பேரை நினைத்துப் பார்க்கட்டும்.

எத்தனை பேருக்கு?

நம் நாட்டில் சென்னை உட்பட எட்டுப் பெரிய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டுக் குறை. ஆண்களில் நூற்றுக்கு 5 பேர். பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர். இவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு இந்த வியாதி இருப்பதே பரிசோதிக்கும்வரை தெரியாது.

இது நகரத்துக் கணக்கு. பரிசோதனைக் கூடம் தெருவுக்குத் தெரு இருக்கும் நகரத்திலேயே இந்தக் கதி என்றால், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர் கிராமங்களில் எவ்வளவு பேர் தெரியாமல் இருப்பார்கள்?

ஏன் கேட்பதில்லை?

டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர் காலை முழுவதும் நிற்காத வரிசையைப் பார்க்கிறார். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அவரும் ஒரு விதத்தில் வேலைப் பளுவில் நசுங்குகிறவர்தான். ஆனால் காரணம் அது மட்டும் அல்ல. மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது: இந்த வியாதியின் அடையாளங்கள் வறுமையின் அடையாளங்களைப் போலவே இருக்கின்றன. பணக்கார வீட்டு அம்மாள் “அசதி” என்றால் அது வியாதி, உடனே பரிசோதனை. கூலிக்காரப் பெண் “அசதி” என்றால் அது அவள் ஜாதகம்! 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15லிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஆகவே கண்ணிமையை இழுத்துப் பார்த்ததும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிடுகிறார்கள். இரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்பதில்லை. தைராய்டுக் குறையே மாத விலக்கை மிகையாக்கி இரத்தத்தை வடித்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் குடம் நிறையுமா?

இரண்டாவது: சொல்கிறவர் பெண். பெண் சொன்னால் “மனசு”, “கல்யாணம்”, “குழந்தை பெற்றால் சரியாகும்.” அதே குறையை ஓர் ஆண் சொன்னால் இந்தப் பதில் வராது.

மூன்றாவது: முதலாளிக்கு வேண்டியது நோய் தீருவது அல்ல, ஷிப்ட் நிற்காமல் ஓடுவது. 2019ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர் தமிழகத்து ஆயத்த ஆடைத் தொழிலாளர்களான சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார். மாத விலக்கு வலிக்காகப் பெயர் எழுதாத மாத்திரைகளை வேலையிடத்தில் மேஸ்திரிகளே கொடுத்தார்கள் என்பது அந்தச் செய்தி. வலியை அமுக்கு, மிஷினை ஓட்டு! ஏன் வலிக்கிறது என்று யார் கேட்பது? மாத விலக்குக் கோளாறு, தைராய்டின் முதல் கூக்குரலாக இருக்கலாம். அந்தக் குரலின் வாயில் மாத்திரையைத் திணித்து அடைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது போராட்டம்

வியாதி தெரிந்து மாத்திரை வந்ததும் கஷ்டம் தீர்ந்ததா? பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. சிலருக்குத் தீர்வதில்லை. மருந்து சாப்பிட்டு, டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்த பிறகும் நூற்றுக்கு 5லிருந்து 10 பேருக்கு அசதியும் மறதியும் தொடர்கின்றன என்று வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் போனால் கிடைக்கும் பதில்: “ரிப்போர்ட் நார்மல். உனக்கு ஒன்றுமில்லை.”

ரிப்போர்ட் நார்மல், மனுஷி நார்மல் இல்லையே! வைத்தியம் காகிதத்துக்கா, மனுஷிக்கா?

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் சாப்பிட வேண்டும். அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை டீ, காப்பி, சாப்பாடு எதுவும் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் ஏறாது; நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தசோகைக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்று இரண்டையும் கொடுக்கும் இடத்தில் இதை எத்தனை பேர் சொல்லி அனுப்புகிறார்கள்? ஒரே மடக்கில் இரண்டையும் விழுங்கிவிட்டு, “மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லை” என்று திரும்பினால் குற்றம் யாருடையது?

ஷிப்ட் தொழிலாளிக்கு இன்னொரு சங்கடம். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். அவருக்குக் காலை எது, வெறும் வயிறு எது? இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் சாப்பிடும் முறையும் உண்டு. எந்த நேரமானாலும் டாக்டரிடம் தன் ஷிப்டைச் சொல்லி, ஒரு நேரத்தை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். டாக்டரும் “காலையில் சாப்பிடு” என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்தாமல், “உனக்கு எந்த ஷிப்ட், அம்மா?” என்று கேட்க வேண்டும்.

மருந்தின் அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பம் தரித்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்போது மருந்து அதிகம் தேவைப்படும். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டுதான் ஆரம்பத்தில் ஆதாரம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அசதி தீரவில்லையென்றால், வேறு காரணம் தேட வேண்டும். இரத்தசோகை மிச்சம் இருக்கலாம். பி-12 குறைவு இருக்கலாம். சர்க்கரை இருக்கலாம். உண்மையாகவே மனச்சோர்வு இருக்கலாம். அதுவும் வைத்தியம் செய்ய வேண்டிய வியாதிதானே தவிர, ஏசி அனுப்ப வேண்டிய குற்றம் அல்ல. பன்னிரண்டு மணி நேர வேலையே காரணமாகவும் இருக்கலாம். எல்லாமே தைராய்டு என்று நான் வாதாடவில்லை. எதையும் தேடாமல் “ஒன்றுமில்லை” என்று சொல்லாதே என்பதுதான் வாதம்.

கடல் கடந்தும் இதே கதை

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. 2012ல் ஸ்காட்லாந்து நாட்டில் மூன்று பெண்கள் சேர்ந்து அந்நாட்டுப் பார்லிமெண்டுக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். தைராய்டுக்குச் சரியான பரிசோதனை வேண்டும், எங்கள் கஷ்டத்தை டாக்டர்கள் கேட்க வேண்டும் என்பது மனுவின் சாரம். வருஷக் கணக்கில் அந்த மனு பார்லிமெண்டுக் கமிட்டி முன் நின்றது. அரசாங்கமே இலவச வைத்தியம் நடத்தும் நாட்டில், படித்த பெண்களுக்கே இந்த நிலை. மூன்று பேர் சேர்ந்து குரல் கொடுத்ததால் ஒரு பார்லிமெண்டு காது கொடுத்தது என்பதையும் கவனியுங்கள்.

அதே பிரிட்டனில் முதலாளித்துவம் இந்த நோயாளிகளை என்ன செய்தது தெரியுமா? சிலருக்கு வழக்கமான தைராக்ஸின் போதாமல் லியோதைரோனின் என்ற வேறொரு மாத்திரை வேண்டியிருக்கும். அதை விற்றது அங்கு ஒரே ஒரு கம்பெனி. 2009ல் ஒரு பெட்டி சுமார் 20 பவுன். 2017ல் அதே பெட்டி 248 பவுன்! மருந்து மாறவில்லை, செய்யும் முறையும் பெரிதாக மாறவில்லை, விலை மட்டும் பன்னிரண்டு மடங்கு. அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. பல நோயாளிகளுக்கு அந்த மாத்திரை எழுதுவதே நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில் பிரிட்டனின் போட்டிக் கண்காணிப்பு அதிகாரிகள் அட்வான்ஸ் என்ற அந்தக் கம்பெனிக்கும், முன்பு அதைச் சொந்தமாக வைத்திருந்த மூலதன நிறுவனங்களுக்கும் 10 கோடிப் பவுனுக்கு மேல் அபராதம் போட்டார்கள். நோயாளியின் கழுத்திலுள்ள சுரப்பியையும் லாபத்தின் ஊற்றாகப் பார்ப்பதுதான் முதலாளித்துவம்.

நம் நாட்டில் தைராக்ஸின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாடு இருக்கிறது. இது யாரோ கொடுத்த பிச்சை அல்ல. காப்பாற்ற வேண்டிய உரிமை.

உப்பும் அரசியல்தான்

அயோடின் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 1956ல் இமாலய அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் ஒரு பெரிய பரிசோதனையைத் துவக்கினார்கள். அயோடின் கலந்த உப்பைக் கொடுத்ததும் ஜனங்களின் கழுத்துக் கழலை குறைந்தது. இதையொட்டி 1962ல் தேசியக் கழலை ஒழிப்புத் திட்டம் வந்தது. ஆனால் அரசாங்கம் தள்ளாடியது. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998ல் தடை போட்டார்கள். 2000ல் அந்தத் தடையை எடுத்தார்கள். 2006ல் மறுபடி போட்டார்கள்.

பலன்? 2018-19ல் நாடு தழுவி நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் குடும்பங்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 76. தமிழகத்தில் நூற்றுக்கு 62 கூட இல்லை. ராஜ்யங்களிலேயே கடைசி இடம்! தூத்துக்குடியில் மலை மலையாய் உப்பு விளைவிக்கிறோம். நம் அடுப்படியில் அயோடின் இல்லை. ஏழை வீட்டில் வாங்குவது கல் உப்பு. விலை மலிவு, பெரும்பாலும் அயோடின் கிடையாது. மலிவு விலையில் அயோடின் உப்பு ரேஷன் கடையில் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது சுகாதாரக் கோரிக்கை, கூலிக் கோரிக்கையைப் போலவே முக்கியமானது.

ஒரு எச்சரிக்கை: உப்பு, வருமுன் காக்கும் வழி. சுரப்பி கெட்டுப்போன பிறகு உப்பை அள்ளித் தின்றால் குணமாகாது, மாத்திரைதான் வேண்டும். “மூன்று மாதத்தில் தைராய்டை வேரோடு எடுக்கிறோம்” என்று பொடி விற்கிறவனிடம் ஏமாறாதீர்கள். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தவறு. தானாகக் கூட்டுவதும் தவறு. அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

டாக்டர் முன் எப்படிப் பேசுவது?

பயந்து கொண்டு நின்றால் இரண்டு நிமிஷம் ஓடிவிடும். எனவே போகும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். எத்தனை மாதமாக அசதி? எடை எவ்வளவு கூடிற்று? மாத விலக்கு எத்தனை நாள்? முடி, மலச்சிக்கல், குளிர், குரல், விரல் மரத்தல் - எது எது உண்டு? கழுத்தில் வீக்கம் உண்டா? தாய்க்கோ அக்காவுக்கோ தைராய்டு உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

“அசதியாக இருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். “போன வருஷம் இரண்டு சைடு பார்த்தேன்; இப்போது ஒன்று பார்க்கவே முடியவில்லை” என்று சொல்லுங்கள். “போன அறுவடைக்கு நாள் முழுதும் கதிர் அறுத்தேன், இப்போது மத்தியானத்துக்கு மேல் குனிய முடியவில்லை” என்று சொல்லுங்கள். வேலையின் அளவைச் சொன்னால் வியாதியின் அளவு டாக்டருக்கு விளங்கும்.

“ஐயா, தைராய்டுப் பரிசோதனை செய்து பாருங்கள்” என்று நேரடியாகக் கேளுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, உரிமை. ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். “நார்மல்” என்றால், எத்தனை என்று எண்ணைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தனி ஆளிடம் “போம்மா” என்பது சுலபம். இரண்டு பேரிடம் கொஞ்சம் கஷ்டம்.

“இது சங்க வேலையா?”

சில ஆண் தோழர்கள் கேட்கக்கூடும்: “பொம்பளைங்க உடம்புக் கோளாறை எல்லாம் சங்கம் பேசுமா? போனஸ் பிரச்சினை இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது.”

இந்தத் தோழர்களுக்கு ஒரு பதில்தான். பஞ்சு தூசியால் வரும் நெஞ்சுக் கோளாறு ஒரு காலத்தில் “தனி ஆள் இருமல்” என்றுதான் தள்ளப்பட்டது. தொழிலாளிகள் பேசியதால்தான் அது தொழில் நோய் ஆயிற்று. இந்த மில்களில் இன்று நூல் நூற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய உடம்பு சங்க விஷயம் இல்லையென்றால், சங்கம் யாருக்கு? மேலும், வியாதிக்காரப் பெண்ணைச் “சோம்பேறி” என்று மேஸ்திரி ஏசும்போது, டாக்டரும் அதே வார்த்தையைச் சொல்லி, வீட்டில் கணவனும் அதையே சொன்னால், அவள் எங்கே போவாள்? குறைந்தபட்சம் நம் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக்கூடாது.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948ல் வந்தது. தமிழகத்தில் 1955ல் கோவையில் முதலில் அமலாயிற்று. அது தானாக வந்ததல்ல. தொழிலாளி வர்க்கம் கேட்டு வந்தது. 2019 ஜூலையிலிருந்து முதலாளி நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும், தொழிலாளி முக்கால் ரூபாயும் சந்தா செலுத்துகிறார்கள். நாம் காசு கொடுத்து நடத்தும் வைத்தியம் இது. நோய் விடுப்பில் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 பங்கு, வருஷத்தில் 91 நாள்வரை பெறும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் “அப்ரண்டிஸ்”, “கேம்ப் கூலி” என்று பெயர் வைத்து எத்தனை பெண்களை இந்தப் பதிவுக்கே வெளியில் நிறுத்துகிறார்கள்! விவசாயத் தொழிலாளிக்கோ இது கிடையவே கிடையாது.

நாம் கேட்பவை

ஒன்று: ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிகளிலும், மாதக் கணக்கில் அசதி என்று வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரத்தசோகைப் பரிசோதனையோடு டி.எஸ்.எச். பரிசோதனையும் இலவசமாகச் செய்ய வேண்டும்.

இரண்டு: மில்களில் வருஷம் ஒரு முறை, சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்திலேயே, வெளி டாக்டரைக் கொண்டு உடல் பரிசோதனை. முடிவு தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். மானேஜரின் மேஜைக்குப் போகக்கூடாது. வியாதியைக் காட்டி எவரையும் வேலையிலிருந்து நீக்கக்கூடாது.

மூன்று: 2021 ஆகஸ்டில் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய தைராக்ஸினுக்கும் அதே ஏற்பாடு வேண்டும். ஒரு மாத மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வைக்கக்கூடாது.

நான்கு: 2022 ஜனவரியில் தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அங்கு வாரம் ஒரு நாள், ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கும் வசதியான நேரத்தில், தைராய்டுக்குத் தனிப் பிரிவு நடத்த வேண்டும். அங்கு படிக்கும் பிள்ளைகளை நம் மில் கேட்டுக்கும் வயல் வரப்புக்கும் அழைத்து வாருங்கள். “அசதி” என்ற வார்த்தையின் பொருளை அவர்கள் இங்கேதான் கற்க முடியும்.

ஐந்து: ரேஷனில் அயோடின் உப்பு, மலிவு விலையில், எல்லாக் கார்டுக்கும்.

தோழர்களே! இவை ஒன்றும் ஆகாயத்துக் கோட்டை அல்ல. ஒரு சொட்டு இரத்தம், ஒரு சின்ன மாத்திரை, ஒரு பிடி உப்பு, கேட்கும் ஒரு காது. அவ்வளவுதான். ஆனால் கேட்காமல் கிடைக்காது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலிக் கணக்கு பேசி முடிந்ததும், வந்திருக்கும் பெண் தோழர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உடம்பு எப்படி இருக்கிறது?” கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள். டாக்டரிடம் நாம் கேட்பது இதைத்தான். அதை முதலில் நாம் செய்து காட்டுவோம். பிறகு பத்துப் பேராகச் சேர்ந்து, எழுதிய காகிதங்களோடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். பத்துப் பேரைப் பார்த்து எவராலும் “ஒன்றுமில்லை, போம்மா” என்று சொல்ல முடியாது.